கிடுகு பின்னிய கைக்குத் தங்கூசி புதிதல்ல

கொடிகாமம் சந்தியிலிருந்து கச்சாய்ப் பக்கம் சைக்கிளில் போனால் அரை மணிக்குள் கடல்நீரேரி வந்துவிடும். கரையில் காய்ந்து ஒதுங்கிய சாதாளையை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் தங்கூசி எனும் நைலோன் நூல் விரலைச் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் அறாது, தோலைத்தான் வெட்டும். ரிஜிபோம் துணிக்கைகள் உமிபோல உள்ளங்கையில் ஒட்டும்.

அறுந்த வலை கடலில் சும்மா கிடப்பதில்லை. மீனையும் நண்டையும் ஆமையையும் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லாமல். பேய்வலை என்று அதற்குப் பெயர்.

அவுஸ்திரேலியாவின் வடக்கே தொரஸ் நீரிணையில் எருப் என்றொரு சிறு தீவு. அங்குள்ள கலைஞர்கள் பேய்வலைகளைப் பிரித்தெடுத்து, கம்பிச் சட்டத்தின்மேல் பின்னி, ஆமையும் சுறாவும் திருக்கையும் செய்கிறார்கள். 2016இல் அவை மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம் வரை போயின. ஆமையைச் சிக்கவைக்கும் நூலே ஆமையின் ஓடாகித் தெரியும்போது விளக்கப் பலகை எதற்கு?

எருப் தீவாரும் தென்னோலை பின்னிப் பழகியவர்கள். தென்மராட்சியில் கிடுகு பின்னும் பெண்களின் கைகளை நான் நினைத்தது அதனால்தான். ஓலையை மடக்கிச் செருகும் அந்த வேகம் நைலோனுக்கும் பழகிவிடும்.

ஆனால் நமது கரைக்கு வேறொரு கதையும் உண்டு. வடக்கில் அறுந்த வலை வெறும் குப்பை அல்ல, ஒரு குடும்பத்தின் கடன். இழுவைமடிப் படகுகள் ஓர் இரவில் அறுத்துச் செல்லும் வலைகளில் கரை திரும்பாத துண்டுகளும் பேய்வலைகளே. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் படகுகள் நிற்கவில்லை. இங்கே பின்னப்படும் ஆமையின் முதுகில், வலையை இழந்தவர் எந்தக் கரைக்காரர், எந்த ஆண்டு இழந்தார் என்று எழுதியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பின்னிவிட முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் பயறளவுதான். அவற்றுக்குச் சல்லடைதான் வேண்டும். இன்னொன்று, நைலோன் வெயிலில் கிடந்தால் நொருங்கும். சிற்பத்தைக் கடற்கரையில் நட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அதுவே தூளாகிக் கடலுக்குத் திரும்பும்.

ஆகவே கூரை வேண்டும். கொடிகாமம் சந்தையின் மீன் பகுதிக்குள், தராசுக்கு நேர் மேலே அதைத் தொங்கவிடலாம். பின்னுகிற பெண்களுக்கு நாட்கூலி கொடுத்து, அவர்களின் பெயரைக் கலைஞர் என்றே எழுதிவைக்க வேண்டும்.