ஒன்றரை நிமிட நடை

1965-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஓர் ஆம்புலன்ஸில் 70 கிலோ எடையுள்ள இயந்திரம் ஒன்றை ஏற்றினார்கள். கார் பேட்டரிகளில் ஓடியது அது. ஏற்றச் சொன்னவர் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்டு, நம்மவர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டுபோன அதே சயாம் ரயில்பாதையில் வதைபட்டு, பெரிபெரி நோய் இதயத்தைத் தாக்கியும் உயிரோடு ஊர் திரும்பியவர்.

தாளம் தப்பி நடுங்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து நிலைக்குக் கொண்டுவரலாம் என்பது அப்போதே பழைய செய்தி. 1947-இலேயே கிளீவ்லண்டில் கிளாட் பெக் அறுவை மேசையில் ஒரு சிறுவனை அப்படி மீட்டிருந்தார். ஆனால் அந்த அதிர்ச்சியைத் தரும் கருவி மருத்துவமனைக்குள் இருந்தது. மனிதர்களோ வீட்டிலும் தெருவிலும் விழுந்தார்கள். நெஞ்சை அமுக்க ஆளில்லாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். பத்து நிமிடம் போனால் என்ன மிஞ்சும்? அதனால்தான் கருவியையே நோயாளியிடம் அனுப்பினார் பான்ட்ரிட்ஜ். சில ஆண்டுகளில் அதன் எடை மூன்று கிலோவாகக் குறைந்தது.

இன்று அதை எடுத்து வர மருத்துவரே வேண்டாம். மூடியைத் திறந்தால் பேசுகிறது. ஒட்டுத்தகடுகளை மார்பில் எங்கே ஒட்டுவது என்று சொல்கிறது. துடிப்பைத் தானே படித்துப் பார்க்கிறது. தேவையில்லாத நெஞ்சுக்கு அதிர்ச்சி கொடுக்க மறுக்கிறது. தெரியாமல் தொட்டுக் கொன்றுவிடுவோமோ என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும்.

சிகாகோ விமான நிலையங்களில் 1999-இல் இந்தக் கருவிகளை ஒன்றரை நிமிட வேக நடைக்கு ஒன்றாக வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இதயம் தாளம் தப்பி விழுந்தவர்கள் 18 பேர். 11 பேர் மீண்டார்கள். மீட்டவர்களில் கருவியை அதற்குமுன் தொட்டே இராத வழிப்போக்கர்களும் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் கருவி எட்டாத நான்கு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எனக்கு அந்த நான்கு பேர்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறார்கள்.

பிரிட்டனின் கிராமங்களில் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளுக்குள் இப்போது இந்தப் பெட்டி தொங்குகிறது. அன்று டாக்டரை அழைக்க ஓடிய அதே இடம். சில பெட்டிகளில் பூட்டு உண்டு. அவசர உதவிக்கான 999-ஐ அழைத்தால் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். திருட்டுப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும், அந்த எண்ணைக் கேட்டு, அழுத்தி, திறக்கும் நேரத்தை விழுந்துகிடப்பவரல்லவா கொடுக்கிறார்?