இரண்டு மணிப் பசிக்கு என்ன கொடுப்பது?

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. பிள்ளை மலைப்பாதையில் ஏறி லயத்துக்கு வந்துசேர இரண்டு மணி. பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்து தாய் வீடு திரும்ப நாலரை, ஐந்து ஆகிவிடும். இடையிலுள்ள மூன்று மணித்தியாலங்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் வேலை செய்வது கலஹா பகுதித் தோட்டங்களில். இங்குள்ள குடும்பங்களில் சில 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவை. 2009இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து வெளிவந்தபின் உறவினரை நம்பி இங்கு திரும்பியவர்கள் அவர்கள். கணவன் இல்லாமல் தனியாளாக உழைக்கும் பெண்கள் அவர்களிடையே உண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதை வாசிக்கும் சகோதரிக்குக் கொழுந்துக்குப் பதிலாக ஆடைத் தொழிற்சாலையாகவோ கூலி வேலையாகவோ இருக்கலாம். பூட்டிய வீட்டு வாசலில் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருப்பது அங்கும் இதே மூன்று மணித்தியாலம்தான்.

அந்நேரத்தில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது? நான் பார்த்த வீடுகளில் காலையில் சுட்ட கோதுமை மா ரொட்டியில் மிஞ்சியது, சீனி போட்ட வெறும் தேநீர். இல்லையேல் கடைக்கொப்பியில் எழுதி வாங்கும் பக்கெட் முறுக்கு. மூன்றும் பசியைக் கொஞ்ச நேரம் ஏமாற்றும், அவ்வளவுதான். தேநீரில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலையை நட்ட லூல்கந்துர தோட்டம் எங்கள் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. அந்த மலைகளில் கொழுந்து எடுப்பவர்களின் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தேநீரைக் குடித்து இரத்தச்சோகையோடு வளர்கிறார்கள் என்பதை எழுதவே கசப்பாக இருக்கிறது.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். "எங்கள் ஜாதியே கட்டைதான் மிஸ்" என்று சிரித்துக்கொண்டு சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். ஜாதி காரணமல்ல. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் இன்று பாட்டிமார். அரைவயிறு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பத்திரிகைகளில் வரும் சிற்றுண்டிக் குறிப்புகள் பெரும்பாலும் பின்னேரம் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்காக எழுதப்பட்டவை. நமது நிலை வேறு. விடியற்காலையில் செய்து வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் இரண்டு மணிவரை பழுதாகாமல் இருக்க வேண்டும். பிள்ளை அடுப்பு மூட்டாமல் தானாக எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். பத்து வயது அக்கா தம்பிக்குத் தேநீர் ஊற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். தம்பிக்குச் சமைப்பதற்காகவே பாடசாலையிலிருந்து நின்ற பெண்பிள்ளைகளையும் தெரியும்.

இந்த மூன்றுக்கும் பொருந்துவது அவித்த தானியம். கௌபி, பயறு, கடலை எதுவானாலும் சரி, இரவில் ஊறவிட்டுக் காலையில் சோற்றோடு சேர்த்து ஒரு அடுப்பில் அவித்துவிடலாம். 50 கிராம் உலர்ந்த கௌபியில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் இருக்கிறது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவையான புரதத்தில் இது பாதி. ஊறி அவிந்தபின் ஒரு தேநீர்க் கோப்பை நிறைய வரும், வயிறும் நிறையும். விலையை நான் எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆனால் பக்கெட் முறுக்கின் நிறையைப் பார்த்துவிட்டு, அதே காசுக்கு எத்தனை கிராம் கடலை வரும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. காலையிலேயே பச்சைத் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசறி வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். தேங்காய்ப்பூவைச் சட்டியில் பொன்னிறமாக வறுத்துப் போடுங்கள். அல்லது தேங்காயை ஒரு சொட்டாக வெட்டிப் பக்கத்தில் வைத்தால் பிள்ளை கடித்துக்கொள்ளும். வெங்காயமும் செத்தல் மிளகாயும் கொஞ்சம் நெத்தலியும் தாளித்துப் போட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் வந்துவிடும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு அவியுங்கள்!

பயறு என்றால் முளைக்கவிடுவது இன்னும் நல்லது. இரவு ஊறிய பயற்றை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால், நம் குளிருக்கு ஒன்றரை நாளில் முளை காணும். முளைத்த தானியத்தில் விற்றமின் சி கூடுகிறது, இரும்புச்சத்தும் உடலில் நன்றாகச் சேர்கிறது. ஆனால் சிறுவருக்குப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் அவித்துக் கொடுங்கள். கூடவே வேலியோரக் கொய்யாப்பழம் ஒன்றோ இரண்டு நெல்லிக்காயோ இருந்தால் தேநீர் செய்யும் கெடுதிக்கு எதிரான வேலையை அது செய்யும்.

அவிக்க நேரமில்லாத நாட்களுக்குச் சத்துமா உருண்டை. சிவப்பரிசி இரண்டு கோப்பை, பயறு ஒரு கோப்பை, கச்சான் அரைக்கோப்பை, எள்ளு கால்கோப்பை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து ஆறவிட்டு, ஒன்றாக அரைத்து, பாகு காய்ச்சிய கித்துள் கருப்பட்டியிலோ சர்க்கரையிலோ பிடிக்க வேண்டும். ஈரமில்லாத பேணியில் ஒரு வாரம் இருக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானை "வறுத்தால் சரி" என்று போடாதீர்கள்; அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் என்பதால் அரைத்தே கொடுங்கள்.

திரிபோஷ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1973இல் தொடங்கிய அந்தத் திட்டம் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு குழந்தைகளுக்கும் உரியது. கிளினிக்கில் கிடைக்கும் பக்கெட்டைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பங்கிடாத வீடு குறைவு. பசித்த பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் ஒளித்து வைக்க முடியும்? ஆனால் அப்படிப் பங்கிட்டால் சின்னதின் நிறை ஏறாது. மூத்த பிள்ளைகளுக்கென்று சத்துமாவைப் பிடித்து வைத்தால் அந்தப் பக்கெட் தப்பும்.

மரவள்ளி, வத்தாளை, ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை எல்லாம் வயிற்றை நிரப்பும். ஆனால் புரதம் குறைவு. கூட ஒரு முட்டையோ நெத்தலிச் சம்பலோ வேண்டும். மரவள்ளியைத் தோல் நீக்கி, மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிடுங்கள்.

குரக்கனைப் பற்றி வடக்குச் சகோதரிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குரக்கனும் ஒடியலும் எத்தனை வயிற்றைக் காத்தன என்பது அவர்களுக்குத் தெரியும். பால்மா வாங்க முடியாத வீட்டுக்கு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்துள்ள குரக்கன் ரொட்டி நல்லது. ஆயினும் உணவுக்கு ஞாபகமும் இருக்கிறது. வன்னியிலிருந்து வந்த ஒரு தாய் 2009க்குப் பிறகு தன் வீட்டில் கஞ்சி வைத்ததில்லை. இலைக்கஞ்சி செய்முறை காட்டிய அன்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரிடம் நான் கஞ்சியின் சத்தைப் பற்றிப் பேசவில்லை. கடலையைப் பற்றிப் பேசினோம். இப்போது அவர் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கடலை.

ஒரு லயத்தில் ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து வேறொரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து ஒருவர் காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவித்து விடுகிறார். பென்சன் எடுத்த ஆச்சி ஒருவர் இரண்டு மணிக்குப் பிள்ளைகளைக் கைகழுவ வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறார். முதல் மாதம் சண்டை வந்தது. ஒரு வீடு குறைவாகப் போட்டது; இன்னொரு வீட்டில் பிள்ளைகள் நாலு பேர். பிறகு பிள்ளைக்கு ஒரு சுண்டு என்று அளவு வைத்தார்கள், தானியப் பேணி ஆச்சி வீட்டிலேயே இருக்கிறது. சுண்டை நிரப்பித் தலை தட்டித்தான் ஆச்சி வாங்குகிறார். யாருக்காகவும் அதில் தளர்வதில்லை.