கார் பந்தயம் காண எல்லை கடக்கும் சுவிஸ் ரசிகர்கள்

பிரான்ஸின் லெ மான் நகரில் ஆண்டுதோறும், வழக்கமாக ஜூன் மாதத்தில், நடைபெறும் 24 மணி நேரக் கார் பந்தயத்தைக் காண ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ரசிகர்கள் வந்து கூடுகின்றனர். 1923-ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம் 2023-இல் நூறாண்டைக் கடந்தபோது, திரண்டோரின் எண்ணிக்கை 3 லட்சத்து 25 ஆயிரம் என அமைப்பாளர்கள் அறிவித்தனர்.

வெளிநாட்டவர்களில் பிரிட்டனிலிருந்து கடல் கடந்து வருவோரே அதிகம் கண்ணில் படுகின்றனர். ஆனால் அண்டை நாடான சுவிட்சர்லாந்திலிருந்து வருவோரின் பயணத்துக்குத் தனியான வரலாறு ஒன்று உண்டு. சுற்றுப்பாதையில் நடத்தப்படும் கார் பந்தயங்களை அந்நாடு பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி தடை செய்து வைத்திருந்தது. அத்தடைக்குக் காரணமாக அமைந்ததோ, இதே லெ மானில் நிகழ்ந்த ஒரு விபத்து.

1955 ஜூன் 11 மாலை

பந்தயம் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. ஜாகுவார் காரை ஓட்டிய மைக் ஹாதார்ன், எரிபொருள் நிரப்புவதற்காக 'பிட்' எனப்படும் நிறுத்துமிடத்தை நோக்கி வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி கார் மோதலைத் தவிர்க்க இடப்புறம் விலகியது. அதன் பின்பகுதியின் மீது ஏறிய பியேர் லெவெக்கின் மெர்சிடிஸ் கார் காற்றில் எழும்பி, பார்வையாளர் பகுதிக்கு முன்னிருந்த மண்கரையில் மோதிச் சிதறியது.

எஞ்சினும் முன்சக்கர அச்சுப் பகுதியும் கூட்டத்தின் ஊடே பாய்ந்தன. மக்னீசியம் கலந்த உலோகத்தாலான காரின் உடற்பகுதி தீப்பற்றியது. அவ்வகைத் தீயில் நீரைப் பாய்ச்சினால் அது மேலும் கொழுந்து விட்டு எரியும். லெவெக்குடன் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் உயிரிழந்தனர். கார் பந்தய வரலாற்றில் இதைவிட அதிகமானோர் மடிந்த விபத்து வேறில்லை.

ஆயினும் பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒரேயடியாக வெளியேறினால் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்குச் சாலை கிடைக்காது என்று அமைப்பாளர்கள் விளக்கம் அளித்தனர். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் அணி நள்ளிரவுக்குப் பின் விலகிக்கொண்டது. மறுநாள் வெற்றிக் கோப்பை ஹாதார்னுக்கும் அவரது இணை ஓட்டுநர் ஐவர் பூபுக்கும் சென்றது. பின்னர் நடந்த விசாரணை எந்தவோர் ஓட்டுநரையும் தனித்துக் குற்றவாளியாக்கவில்லை. பெருகிவிட்ட கார்களின் வேகத்துக்கு 1920-களில் அமைக்கப்பட்ட அந்தக் குறுகலான தடம் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே அதிலிருந்து தெளிவாயிற்று.

ஒரு நாடு மட்டும் ஏன்?

விபத்தையடுத்துப் பல நாடுகள் பந்தயங்களை நிறுத்தி வைத்தன. ஆனால் பிரான்ஸ் நிறுத்துமிடப் பகுதியை அகலப்படுத்தி, 1956 ஜூலையிலேயே லெ மான் பந்தயத்தை மீண்டும் நடத்திவிட்டது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகத் தடையை விலக்கிக்கொண்டன. சுவிட்சர்லாந்து மட்டும் அதனை 1958-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் நிரந்தரமாகப் பதித்தது. மலையேற்றப் பந்தயம், ரேலி போன்றவை அனுமதியுடன் தொடர்ந்தன.

இதற்கான காரணங்களை லெ மானில் மட்டும் தேடினால் போதாது. தலைநகர் பெர்னை ஒட்டிய பிரெம்கார்ட்டன் தடத்தில் 1934 முதல் 1954 வரை சுவிஸ் கிராண்ட் பிரி நடைபெற்றது. காட்டு மரங்களுக்கு இடையே வளைந்து செல்லும் அந்த 7.28 கிலோமீட்டர் பாதை மழையில் வழுக்கும். 1948-இல் இத்தாலியரான அகில்லே வார்ஸியும், உள்நாட்டு வீரரான கிறிஸ்தியான் கௌட்ஸும் அங்கு உயிரிழந்தனர். ஆகவே லெ மான் செய்தி, ஏற்கெனவே அச்சம் நிலவிய நாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளைப் போல, பந்தய வெற்றியை விற்பனையாக மாற்றும் பெரிய கார் தொழில் சுவிட்சர்லாந்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடையால் இழப்பதற்கு அங்கு அதிகம் இருக்கவில்லை.

விளைவுகளில் சில விசித்திரமானவை. 1982-இல் சுவிஸ் கிராண்ட் பிரி என்ற பெயரில் ஃபார்முலா 1 பந்தயம் ஒன்று நடந்தது. நடந்த இடமோ பிரான்ஸின் டிஜோன். தங்கள் நாட்டின் பெயரைத் தாங்கிய பந்தயத்தைக் காண சுவிஸ் ரசிகர்கள் அயல்நாடு செல்ல வேண்டியிருந்தது.

தடை இருந்தும் திறமை வற்றவில்லை. ஹின்வில் என்ற ஊரைச் சேர்ந்த பீட்டர் சௌபரின் அணி, மெர்சிடிஸ் எஞ்சின் பொருத்திய காருடன் 1989-இல் லெ மானில் வென்றது. 1955-இல் கார் பந்தயங்களைக் கைவிட்ட மெர்சிடிஸ், லெ மான் வெற்றியை மீண்டும் பெற்றது பந்தயத்தைத் தடை செய்த நாட்டின் அணி ஒன்றின் வழியாக. பின்னர் சுவிஸ் ஓட்டுநர்களான மார்செல் ஃபெஸ்லர் 3 முறையும், செபஸ்தியான் புவெமி 4 முறையும் அங்கு வெற்றி கண்டனர்.

ஃபெஸ்லர் இரண்டாம் முறையாக வென்ற 2012-இல், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் இடம்பெற்ற அணி ஒட்டுமொத்தத்தில் 6-ஆம் இடம் பிடித்தது. லெ மான் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2009-இலேயே அந்த இடத்தைப் பெற்றிருக்க வேண்டியவர். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் தோள்பட்டையில் ஏற்பட்ட காயம் அவரைத் தடுத்துவிட்டது.

எல்லையும் விசாவும்

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த எல்லை நீண்டகாலம் வேறு பொருளையும் கொண்டிருந்தது. ஜெனீவாவிலிருந்து சில மணி நேரத்தில் அடையக்கூடிய டிஜோனுக்குச் செல்லவும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர் விசா பெற வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் அந்நாடு ஷெங்கன் உடன்பாட்டில் செயல்முறையாக இணைந்த பிறகு, வதிவிட அனுமதியும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் உள்ளவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசாவின்றிச் செல்லலாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோருக்கும் தற்காலிகமாக ஏற்கப்பட்டோருக்கும் இச்சலுகை பொருந்தாது. பிரிட்டனில் வசித்தாலும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஷெங்கன் விசா பெற்றே செல்ல வேண்டும். அதற்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

பாரிஸிலிருந்து லெ மானுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நகரின் டிராம் வண்டி பந்தயத் தடத்தின் அருகே வரை செல்கிறது. 13 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுற்றில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் லாரிகளும் உள்ளூர்க் கார்களும் ஓடும் பொதுச் சாலை. முல்சான் நேர்ச்சாலையில் எவரும் தம் வண்டியில் செல்லலாம், வேகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. இரவில் கூடாரங்களுக்கு நடுவே விழித்திருந்து பார்ப்பதே இதன் தனிச்சுவை என்பர். பழைய கார்களை விரும்புவோருக்கு 2002-இல் தொடங்கப்பட்ட 'லெ மான் கிளாசிக்' பொருத்தமானது. 1950-களின் ஜாகுவார்களும் அவற்றின் சமகாலக் கார்களும் அதே முழுச் சுற்றில் மீண்டும் ஓடுவதை அங்கு காண முடியும்.

சுவிஸ் தடையோ படிப்படியாகத் தளர்ந்து வந்துள்ளது. அதனை நீக்க 2007-இல் நாடாளுமன்றத்தின் கீழவை வாக்களித்தது. மேலவை ஏற்காததால் 2009-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டு, 2018-இல் ஸூரிக்கிலும் 2019-இல் பெர்னிலும் ஃபார்முலா இ பந்தயங்கள் நடந்தன. அண்மைய சட்டத் திருத்தத்தில் தடையையே நீக்க நாடாளுமன்றம் இசைந்தது. அனுமதி வழங்குவது கன்டோன்களின் பொறுப்பு.

ஆனால் சட்டம் வழிவிட்டாலும் தடம் வேண்டுமே. பெரிய சர்வதேசப் பந்தயத்துக்கு ஏற்ற நிரந்தரச் சுற்றுப்பாதை அந்நாட்டில் இல்லை. மலைகளுக்கிடையே நெருக்கமாக மக்கள் வாழும் நிலத்தில் அதற்கு இடம் தேடுவதும், ஒலிக்கும் புகைக்கும் எழும் எதிர்ப்பைச் சமாளிப்பதும் எளிதல்ல. ஓசை குறைந்த மின்சாரக் கார்களுக்கே பெர்னில் எதிர்ப்பு ஊர்வலம் நடைபெற்றது. 2019-க்குப் பின் ஃபார்முலா இ அந்நகருக்குத் திரும்பவில்லை.