புயல் கடந்த தீவில் விருந்தினர்

உலகப் படத்தில் வட அமெரிக்காவிற்கும் தென் அமெரிக்காவிற்கும் இடையே, கிழக்குப் பக்கமாக, வில்போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம் ஒன்றைக் காணலாம். அத்தீவுகளுக்கு மேற்கே கிடப்பது கரீபியன் கடல். கிழக்கே பரந்து கிடப்பது அட்லாண்டிக் பெருங்கடல். இவ்விரு கடல்களின் அலைகளும் இரு மருங்கும் வந்து மோத, நடுவே நிமிர்ந்து நிற்கும் மலைத்தீவு டொமினிக்கா ஆகும். வடக்கே குவாதலூப்பும் தெற்கே மார்த்தினிக்கும் இதன் அண்டைத் தீவுகள். டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு. பெயர் ஒப்புமையால் இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

டொமினிக்காவின் பரப்பு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 70,000. 1493ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, கொலம்பஸ் இத்தீவைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் சொல்லே தீவின் பெயராக நிலைத்தது. அவர் வருமுன்னரே இங்கு வாழ்ந்த கலினாகோ மக்கள், இதனை ‘வைத்துகுபுலி’ என்று அழைத்தனர். ‘அவள் உடல் நெடியது’ என்பது அதன் பொருள். இப்பெயர் மிகப் பொருத்தமானதே. சிறிய இத்தீவில் 1,447 மீட்டர் உயரமுள்ள மலைமுடி ஒன்று உண்டு. அடர்ந்த காடுகளும், அருவிகளும், வெந்நீர் ஊற்றுகளும், உலையில் இட்ட நீர்போல் கொதித்துக்கொண்டிருக்கும் ஏரி ஒன்றும் உண்டு. அவ்வேரி அமைந்துள்ள தேசியப் பூங்காவை 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தீவின் தெற்கிலிருந்து வடக்குவரை 184 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையும் அமைக்கப்பட்டுள்ளது. இவற்றைக் காணப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டியும், உணவும் உறையுளும் அளித்தும் வாழும் குடும்பங்கள் இத்தீவில் பல.

இத்தகைய எழில் தீவுக்கு ஆண்டுதோறும் ஓர் அச்சம் உண்டு. அதுவே ‘ஹரிக்கேன்’ எனப்படும் கடும்புயல். இச்சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடியினராகிய தைனோ மக்களின் மொழியிலிருந்து வந்தது. நம் வங்கக் கடலில் எழும் புயலும் இதுவும் இயல்பில் ஒன்றே. பெயர்தான் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது. கடல்நீர் ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருக்கும் காலத்தில், அதன்மேல் உள்ள ஈரக்காற்று மேலெழும்புகின்றது. அதில் உள்ள நீராவி குளிர்ந்து துளியாகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளியிடுகின்றது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் விரைந்து எழுகின்றது. சுற்றுப்புறக் காற்று அவ்விடத்தை நோக்கிச் சுழன்று பாய்கின்றது. இவ்வாறு கடலின் வெப்பமே புயலுக்கு உணவாகின்றது. ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் 30ஆம் நாள்வரை உள்ள ஆறு திங்களே அட்லாண்டிக் கடலின் புயற்காலம் ஆகும். காற்றின் விரைவைக்கொண்டு இப்புயல்களை ஐந்து வகையாகப் பிரிப்பர். மணிக்கு 252 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட விரைவுடையது ஐந்தாம் வகை. அதுவே யாவற்றினும் கொடியது.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இரவில் ‘மரியா’ என்னும் ஐந்தாம் வகைப் புயல் டொமினிக்காவைத் தாக்கிற்று. ஒரே நாளுக்குள் அது முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகையாக வலுவடைந்துவிட்டது. ஆதலின் மக்கள் முன்னேற்பாடு செய்துகொள்ளப் போதிய காலம் கிடைக்கவில்லை. காற்று மணிக்கு ஏறக்குறைய 265 கிலோமீட்டர் விரைவில் வீசிற்று. நாட்டின் தலைமை அமைச்சர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட்டின் இல்லத்துக் கூரையும் பறந்தது என்றால், எளியோர் குடில்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? தீவிலுள்ள கட்டடங்களுள் பெரும்பாலானவற்றின் கூரைகள் சிதைந்தன. இறந்தோரும் காணாமற் போனோருமாக 65 பேரை அத்தீவு இழந்தது. நாடு ஓராண்டில் ஈட்டும் வருவாயைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பொருள் ஓர் இரவில் அழிந்தது. பொழுது புலர்ந்தபோது பசுந்தீவு பழுப்பு நிறமாய்க் காட்சியளித்தது. இலையுள்ள மரத்தைக் காண்பதே அரிதாயிற்று. தொலைபேசித் தொடர்பு அற்றுப்போகவே, பொழுதுபோக்காக வானொலிக் கருவி இயக்கும் அன்பர்கள் சிலரே வெளியுலகிற்குச் செய்தி அனுப்பினர்.

புயல் நின்றதும் இடரும் நீங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறு. காற்று கொல்வது ஓர் இரவில். அது விட்டுச்சென்ற அழிவோ பல திங்கள் காத்திருந்து கொல்லவல்லது. இதனை அறியாது அங்குச் செல்லும் பயணி, தனக்கும் பிறர்க்கும் துன்பம் தேடியவன் ஆகின்றான்.

அவ்வாறாயின், புயலால் நொந்த நாட்டுக்கு எவரும் செல்லலாகாது என்பதா? அன்று. இங்கு இருவகைப் பிழை நேர்வதுண்டு. உரிய காலத்திற்கு முன்னரே சென்று நிற்பது ஒன்று. குடிநீரும் படுக்கையும் மருந்தும் ஊரார்க்கே போதாத வேளையில் வேடிக்கை பார்க்கச் செல்பவன், இல்லாதவர் கலத்திலிருந்து எடுத்து உண்பவனை ஒப்பான். அவன் காட்டில் வழிதவறினால், இடிபாடுகளில் மக்களைத் தேட வேண்டிய கைகள் அவனைத் தேட நேரிடும். மற்றொரு பிழை, நாடு எழுந்து நின்ற பின்னரும் அச்சத்தால் செல்லாது ஒழிவது. அதனால் படகோட்டியும் வழிகாட்டியும் உணவு சமைப்போரும் வாழ்விழப்பர். காற்று அழித்த பிழைப்பை அச்சமும் அழிக்கலாமா? காலம் அறிந்து, நிலை அறிந்து செல்வதே முறை.

காலம் அறிவது எவ்வாறு? விமான நிலையமும் துறைமுகமும் திறந்துவிட்டனவா, மருத்துவமனை இயங்குகின்றதா, தூய குடிநீர் கிடைக்கின்றதா, தங்கும் ஊருக்குச் சாலை உண்டா என்பவற்றை அந்நாட்டு அரசின் அறிவிப்புகளால் முதலில் தெளிதல் வேண்டும். மரியாவுக்குப் பின் பல ஊர்களுக்கு மின்விளக்கு மீண்டும் வரப் பல திங்கள் ஆயின. மேலும், ஒரு புயல் வந்துவிட்டமையால் மற்றொன்று வாராது என்பதற்கு உறுதி இல்லை. மரியா வருவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னரே ‘இர்மா’ என்னும் பெரும்புயல் அண்மையிலுள்ள பார்புடாத் தீவைச் சிதைத்திருந்தது. ஆகவே, புயற்காலத்தில் செல்வோர் நாள்தோறும் வானிலை அறிக்கையைக் கேட்டல் இன்றியமையாதது. புயல் வீசும்போது காற்று திடுமென அடங்கினால், அது புயலின் நடுப்பகுதியாகிய ‘கண்’ கடக்கும் வேளையாக இருக்கலாம். அப்போது வெளியே வருதல் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று முன்போலவே சீறி வரும்.

இனி, சென்றவர் அஞ்ச வேண்டியவற்றுள் முதன்மையானது மலைச்சரிவு. டொமினிக்கா எரிமலைகளால் ஆன தீவு, சரிவுகள் செங்குத்தானவை. மண்ணைப் பிடித்திருந்த மரங்கள் வீழ்ந்தபின், சிறுமழையும் சரிவைக் கரைத்துவிடும். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் வந்த ‘எரிக்கா’ ஹரிக்கேன் அளவிற்கு வலுவடையாத புயலே. ஆயினும் அது கொட்டிய மழையால் மலைகள் சரிந்து பலர் மாண்டனர். பெத்தி சவான் என்னும் ஊரின் மக்கள் தம் ஊரையே விட்டுக் குடிபெயர நேர்ந்தது. காற்றைவிட நீர் கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மழைநாளில் மலைச்சாலையில் செல்லாமையும், சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாமையும் அறிவுடைமை.

அடுத்து அஞ்ச வேண்டுவது ஆறு. பயணி நிற்கும் இடத்தில் வெயில் காயலாம். மலைமீது மழை பொழிந்துகொண்டிருக்கலாம். புயலில் வீழ்ந்த மரங்களும் பாறைகளும் ஆற்றை அணைபோல் அடைத்து நிற்கும். அவ்வடைப்பு உடைந்தால் வெள்ளம் கணப்பொழுதில் பாய்ந்து வரும். தெளிந்திருந்த நீர் கலங்குவதும், இரைச்சல் மிகுவதும், சருகும் கிளையும் மிதந்து வருவதும் அதன் முன்குறிகள். அவற்றைக் கண்டவுடன் கரையேறி உயரமான இடத்தை அடைதல் வேண்டும். கலங்கிய ஆற்றைக் கடக்க முயல்வதினும், கரையில் ஓர் இரவு பசித்திருப்பது நன்று.

காட்டுப் பாதையும் பழைய பாதை அன்று. முறிந்தும் வீழாது தொங்கும் கிளைகள் பல நாட்களுக்குப் பின்னும் தலைமேல் விழக்கூடும். வழிக்குறிகள் அழிந்திருக்கும். கொதிக்கும் ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள பள்ளத்தாக்கில் நிலத்தின் மேலோடு மெல்லியது. அடியில் கொதிநீரும் ஆவியும் உள்ளன. ஆங்கு அடி தவறினால் கால் வெந்துபோகும். ஆகவே, பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டி இன்றி அங்குச் செல்லுதல் ஆகாது. அவன் ‘இன்று வேண்டாம்’ என்றால், கொடுத்த பணத்தை எண்ணாது திரும்புதலே முறை.

நோய்கள் கண்ணுக்குப் புலப்படாத பகை. வெள்ளநீரில் எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்திருக்கும். காலிலுள்ள சிறு புண் வழியாகவும் எலிக்காய்ச்சல் உடலில் புகும். அது வெளிப்படப் பல நாட்கள் ஆகலாம். அதற்குள் பயணி தன் நாட்டை அடைந்துவிடுவான். அப்போது காய்ச்சல் கண்டால், தான் சென்றுவந்த இடத்தை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும்; அவ்வொரு சொல் உயிரைக் காக்கலாம். தார்ப்பாய் மடிப்பிலும் உடைந்த கலங்களிலும் தேங்கும் நீரில் டெங்குக் கொசு பெருகும்; அது பகலிலேயே கடிக்கும். சிதறிய தகரமும் ஆணியும் காலைக் கிழிக்கும் ஆதலின், இரணஜன்னித் தடுப்பூசி இட்டுக்கொண்டு, தடித்த காலணி அணிந்து நடத்தல் நலம். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுக. அறுந்து கிடக்கும் மின்கம்பியை, மின்சாரம் அற்றது என்று எண்ணித் தொடற்க. மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டரை அறைக்குள் வைத்து இயக்கினால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும்.

உடலைக் காப்பதோடு பண்பையும் காத்தல் வேண்டும். இடிந்த வீட்டின் முன் நிற்கும் ஒருவரின் துயரம் கண்காட்சிப் பொருள் அன்று. அவர் இசைவின்றி அவரைப் படம் பிடித்தல் தகாது. தனக்கு வேண்டிய மருந்தைத் தானே கொண்டுசெல்வதும், நீரை அளவோடு செலவிடுவதும், ஊர்க்கடையில் பொருள் வாங்குவதும் நல்ல விருந்தினரின் கடமைகள்.

டொமினிக்கா சோர்ந்து கிடக்கவில்லை. புயலைத் தாங்கவல்ல நாடாகத் தன்னை ஆக்கிக்கொள்ள அது உறுதி பூண்டது. 2018ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. ஆணிக்கு மாற்றாகத் திருகாணியும், உத்தரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையும் கூரைகளில் இடம்பெறலாயின. மலைகள் மீண்டும் தழைத்தன. அடைபட்ட பாதைகளை ஊரார் வெட்டித் திறந்தனர். வந்த விருந்தினர் சிலரும் அப்பணியில் கைகொடுத்தனர்.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆயின், அதன் பின்விளைவுகளை அறிந்து விலகவும், நொந்தவர்க்குச் சுமையாகாது துணையாகவும் அவனால் இயலும். அந்நிலத்தில் பிறந்து வாழ்வோரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பவன் தன் உயிரைக் காத்துக்கொள்கின்றான். அவர்தம் வாழ்வுக்கும் கைகொடுக்கின்றான். விருந்தினரின் நலமும் விருந்தளிப்போரின் நலமும் வேறுவேறு அல்ல என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக.