உவமையும் பேரேடும்: பிளாக்செயினின் பயன் பற்றிய ஒரு குறிப்பு

புதிய தொழில்நுட்பத்தை விளக்குவதற்குப் பழகிய பொருள்களை உவமானமாகக் கொள்வது இயல்பே. எனினும், உவமை ஒன்றை விளக்கும்போதே வேறொன்றை மறைத்துவிடுதலும் உண்டு. பிளாக்செயின் குறித்து வழங்கும் உவமைகளை இந்நோக்கிலேயே நாம் ஆராய வேண்டியுள்ளது.

சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008இல் வெளியான கட்டுரை எழுப்பிய பிரச்சினை தெளிவானது: ஒருவரையொருவர் அறியாதோர், வங்கி போன்ற நடுவரின்றி, ஒரே பணம் இருமுறை செலவிடப்படாதவாறு பொதுக்கணக்கைப் பேணுவது எவ்வாறு?

இதனை விளக்கப் பெரிதும் எடுத்தாளப்படுவது பசுபிக் சமுத்திரத்து யாப் தீவின் கற்பணமாகும். பெருங்கல் இருந்த இடத்திலிருக்க, அதன் உரிமை மட்டும் கைமாறிற்று. கடலில் மூழ்கிய கல்லொன்றும் செல்வமாகவே மதிக்கப்பட்டதென வில்லியம் ஃபர்னெஸ் 1910இல் எழுதினார். பணத்தின் அடிப்படை சமூக ஒப்புதலே என்பதை இவ்வுவமை நன்குணர்த்துகின்றது. ஆயின், யாப் மக்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பிளாக்செயினோ அந்நியர்க்கென அமைந்தது.

பத்திரிகை உவமை இன்னும் பொருத்தமானது. ஆவணங்களுக்குக் காலக்குறி இடும் முறையை 1991இல் வெளியிட்டோர் ஹேபரும் ஸ்டோர்னெற்றாவும் ஆவர். நகமோட்டோவின் கட்டுரையும் இவர்களைச் சுட்டுகின்றது. அவர்களது நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ஆவணத் தொகுதியின் சுருக்கக் குறியீட்டை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் அச்சிட்டது. பழைய பதிவில் ஓரெழுத்தை மாற்றினும் குறியீடு மாறிவிடும்; மோசடியை மறைக்க எங்கும் பரவிய பிரதிகள் அனைத்தையும் திருத்த வேண்டும். ஆனால், அச்சிடும் உரிமை அங்கு ஒரு நிறுவனத்திடமே இருந்தது. பிட்கொயினில் அடுத்த பக்கத்தை எழுதுபவர் யார் என்பதைக் கணனிகளின் போட்டி தீர்மானிக்கின்றது.

இப்போட்டியைச் ‘சுரங்கம் அகழ்தல்’ என்பதே மிகவும் மயக்கந்தரும் உவமையாகும். இங்கு மண்ணில் புதைந்த தாது எதுவுமில்லை. 2 கோடியே 10 இலட்சம் என்னும் உச்சவரம்பு இயற்கை விதித்ததன்று; மனிதர் வகுத்த விதி. இயந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் முதலிட வல்லோரே எழுதும் வாய்ப்பைக் கூடுதலாகப் பெறுகின்றனர். சமூக உறவொன்று பொருளின் இயல்பாகத் தோற்றுவதை மார்க்ஸ் பண்ட மாயை என விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

மாற்றவியலாமை என்பதும் இத்தகையதே. 2016இல் எதீரியத்தில் ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் கவரப்பட்டபோது, பங்குபற்றியோரில் பெரும்பான்மையினர் விதியையே மாற்றி அதனை மீட்டனர். உடன்படாதோர் எதீரியம் கிளாசிக் எனப் பிரிந்தனர்.

ஆகவே, நல்ல உவமை மூன்று வினாக்களுக்கு விடை தரவேண்டும்: எழுதுபவர் யார்? சரிபார்ப்பவர் யார்? மாற்றும் வலு எவரிடம் உண்டு? அனைவரும் ஏற்கும் பொதுக்காவலர் இல்லாதவிடத்தே இப்பேரேட்டுக்குப் பயனுண்டு. மக்களுக்குப் பொறுப்புக்கூறும் பதிவாளர் உள்ளவிடத்துச் சாதாரண ஏடே போதும். அத்தகைய பதிவாளரை உருவாக்குவதோ தொழில்நுட்பத்தின் பணியன்று, அரசியலின் பணியாகும்.