வெயில் ஊரில் எலும்பு ஏன் மெலிகிறது?

கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகைதான் வடக்கே. ஆண்டு முழுக்க வெயில். ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மூடிய யன்னலோரம் காய்கிற வெயிலால் எலும்புக்குப் பயனில்லை. தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஆறரை மணிக் கடற்கரை வெயிலிலும் அது மிகக் குறைவு. அந்த விற்றமின் குறைந்தால் குடல் கல்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. இரத்தத்துக்கு வேண்டியதை உடல் எலும்பிலிருந்தே எடுக்கும். முள்ளோடு பொரித்த நெத்தலியும் குரக்கன் பிட்டும் நல்லவைதான். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தட்டில் இருப்பதெல்லாம் எலும்பில் சேர்வதில்லை என்பதுதான் சிக்கல்.

அதற்காகக் காலை நடை வீண் என்றில்லை. பழைய எலும்பை அரிக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. பாரம் விழும் இடத்தில் கட்டுமானம் வலுக்கும். கொட்டாஞ்சேனைச் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும் (முழங்கால் இடம்கொடுத்தால்) அப்படியொரு பாரமே. இயற்கை வழியே போதாதா என்று கேட்பார்கள். எல்லாருக்கும் போதாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைய, அரிக்கும் கலங்களின் கை ஓங்குகிறது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அந்தக் கலங்களை அடக்க அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து வேண்டியிருக்கும். நெத்தலியால் அது ஆகாது.