ஈரல் நோயும் திருமணித் தொழிற்சாலையும்

மருந்து நோயைத் தீர்க்க வேண்டும், தேகத்தைக் கெடுக்கலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே சாதிப்பது எளிதன்று. உண்ட மருந்து உடலெங்கும் பரவுகிறது. வேண்டிய அவயவத்தில் ஒரு பங்கே சேர, எஞ்சியது வேறிடங்களில் தீங்கு விளைத்தலும் உண்டு. க்ஷயரோகத்துக்குக் கொடுக்கும் ஐசோனியாஸிட், ரிபாம்பிஸின் முதலிய மருந்துகள் சிலருக்கு ஈரலையே தாக்குவதை வைத்தியர்கள் நன்கறிவர்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயங்களுள் ஒன்று நானோ துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். சுமார் 100 நானோமீட்டருக்குட்பட்ட கொழுப்புத் துகளில் மருந்தை அடைத்து இரத்தத்திற் செலுத்துகின்றனர். இரத்தத்திலுள்ள ஒருவகைப் புரதம் அதன்மீது படிகிறது. அப்புரதத்தை இனங்கண்டு ஈரலின் உயிரணுக்கள் துகளைத் தாமே உள்ளே ஏற்றுக்கொள்கின்றன. இம்முறையில் அமைந்த பட்டிஸிரான் என்னும் மருந்தை 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா அங்கீகரித்தது. ஈரல் உண்டாக்கும் கேடான புரதத்தால் நரம்புகள் நலிவுறும் பரம்பரை நோய்க்கு அது மருந்து. ஆனால் அதற்கு அன்று குறித்த விலை ஆண்டொன்றுக்கு 4,50,000 டாலர்! நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு இது எட்டும்?

விலையைக் குறைக்கும் வழி நமக்குப் புதிதன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஒருவகை நானோ துகளே. வைரஸின் மேற்புரதம் 22 நானோமீட்டர் அளவில் திரண்டு அமைந்தது. இறக்குமதியான காலத்தில் அது செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1997இல் ஹைதராபாத்திலுள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இந்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டபின் விலை வீழ்ந்தது. எனினும் 2022இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் இந்நோய்க் கிருமியைச் சுமந்திருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. வேலை இன்னும் முடியவில்லை.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும் மார்க்கத்தில் உள்ளது திருமணி. இத்தடுப்பூசி உட்படப் பலவற்றை உற்பத்தி செய்வதற்காக அங்கே ஒரு தொழிற்சாலை அமைக்க மத்திய சர்க்கார் 2012இல் 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதியளித்தது. கட்டடங்கள் எழுந்தன; இயந்திரங்கள் வந்தன. ஆயினும் 2021 மே மாதத்தில், கொள்ளைநோயால் நாடு தடுப்பூசிக்குத் தவித்தபோது, அது பயனின்றிக் கிடந்தது. அதை மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி தமிழக முதலமைச்சர் பிரதமருக்கு எழுத நேர்ந்தது. பல்லவர் முற்றுவியாது விட்ட ரதங்களைக் காண யாத்திரிகர் செல்லும் வழியில், நம் காலத்தவர் முற்றுவியாத வேலையும் ஒன்று நின்றது!

தனியார் கம்பெனிகள் இருக்கப் பொதுத் தொழிற்சாலை எதற்கு என்பர் சிலர். லாபமுள்ள இடத்துக்குத் தனியார் செல்வது இயல்பு, அது குற்றமன்று. லாபமில்லாத இடத்திலும் நோயாளி இருக்கிறானே, அவனுக்கு யார் பொறுப்பு? அப்பொறுப்பு சர்க்காரைச் சார்ந்தது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: இத்தகைய பொதுத் தொழிற்சாலைக்குப் போதிய மூலதனமும், பொறுப்புள்ள நிர்வாகமும், உற்பத்தியை வாங்கிக்கொள்வதாகச் சர்க்காரின் உறுதியும் வேண்டும். இன்று 22 நானோமீட்டர்த் துகளைச் செய்து தேர்ந்த கைகளே நாளை ஈரலுக்கு மருந்து சுமக்கும் துகளையும் செய்யும். கட்டிய ஆலையைப் பூட்டிவைத்துவிட்டு, அயல்நாட்டு மருந்தின் விலையை நொந்துகொள்வது விவேகமாகாது.